சாயவேரின் சிவப்பைப் படித்தல்

வன்னியிலிருந்து ஒரு காலத்தில் வெளியே போன பண்டங்கள் எவை என்று கேட்டால் யானை, தேன், மெழுகு, மரம் என்று பதில் வரும். சாயவேர் என்று சொல்பவர்கள் மிகச் சிலரே. ஒல்லாந்தக் கம்பனியின் அதிகாரிகள் அதை மறக்கவில்லை. 1697இல் யாழ்ப்பாணத்தில் கம்பனியின் கொமாண்டராக இருந்த ஹென்றிக் சுவார்டெக்றூன், தனக்குப் பின் வருபவர்களுக்கு எழுதிவைத்த நீண்ட நிர்வாகக் குறிப்பில் யானைக்கும் முத்துக்கும் இடம் கொடுத்தது போலவே சாயவேருக்கும் இடம் கொடுத்தார். மன்னாரிலும் வன்னியிலும் வேர் கிண்டப்பட்டது. அதைக் கிண்டும் உரிமை அரசுக்குரிய வருமானமாக இருந்தது.

சித்த வைத்தியர்கள் இம்பூறல் என்று அழைக்கும் சிறு பூண்டுதான் இது. கரையோர மணலில் தரையோடு தரையாகப் படரும். மேலே பார்த்தால் ஒன்றுமில்லாத செடி; பயன் முழுவதும் மெல்லியதாய் நீண்டு இறங்கும் அதன் வேர்ப்பட்டையில். கடுக்காய்ச் சாற்றிலும் பாலிலும் ஊறவைத்த பருத்தித் துணியில் படிகாரக் கரைசலால் கோலம் வரைந்து, பிறகு வேரை இடித்துப் போட்ட நீரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். வெயிலுக்கும் துவைப்புக்கும் அசையாத சிவப்பு. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகளை ஐரோப்பா இரண்டு நூற்றாண்டுகள் தேடித் தேடி வாங்கியதற்கு இந்தச் சிவப்பு ஒரு முதன்மைக் காரணம். 1868இல் ஜேர்மனியைச் சேர்ந்த கிறேபேயும் லீபர்மானும் அதே சாயப்பொருளான அலிசரினை ஆய்வுகூடத்தில் தயாரித்தார்கள். அதன் பின் வேருக்கு மதிப்புப் போயிற்று. கிண்டியவர்களின் தொழிலும் போயிற்று.

துணிகள் மட்டும் இருக்கின்றன. இலண்டன் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலும் ஆம்ஸ்ரடாம் ரைக்ஸ் நூதனசாலையிலும், நம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவின் ரோயல் ஒன்ராறியோ நூதனசாலையிலும் சோழமண்டலத் துணிகள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, இந்தச் சிவப்பு எந்தச் செடியினுடையது, எந்தக் கரையினுடையது என்று கேட்டால் இன்றைய விஞ்ஞானம் எவ்வளவு தூரம் பதில் சொல்லும்? நிறமாலையியலும் நனோ துணிக்கைகளும் பழைய கலைப்பொருட்களின் நிறங்களைப் படிக்கும் முறை பற்றிக் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த வேலைகளை, இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பதே இக்கட்டுரை.

முதலில் எளிதான பக்கம். மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வரும் நிறங்களைக் கண்டறிய நனோ ஒன்றும் தேவையில்லை. கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியைச் சுவரருகே வைத்தால் அரை நிமிடத்தில் மூலகங்களைச் சொல்லிவிடும். இரும்பு என்றால் காவி, இரசம் என்றால் சாதிலிங்கம், ஈயம் என்றால் செந்தூரமோ ஈயவெள்ளையோ. சுவரைத் தொடவும் வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். சீகிரியாவின் ஐந்தாம் நூற்றாண்டுப் பெண்களின் மேனியில் உள்ள செம்மையும் மஞ்சளும் இரும்பு கலந்த மண்காவிகள், பச்சை ஒரு வகை மண் என்பவையெல்லாம் இக்கருவிகள் வருவதற்கு முன்பே தெரிந்தவை.

இந்தத் துறையில் தமிழ்நாடு முந்திக்கொண்டது என்பதைப் பலர் அறியார். சென்னை அரசு நூதனசாலையில் 1930இல் இரசாயனப் பாதுகாப்பு ஆய்வுகூடம் ஒன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெரிய கோயிலின் சுற்றுப்பாதை இருட்டில் நாயக்கர் கால ஓவியப் படலத்துக்குக் கீழே சோழர் ஓவியங்கள் இருப்பதைக் கண்டு உலகுக்குச் சொன்னார். அவற்றின் சுண்ணப் பூச்சையும் நிறங்களையும் பகுத்துப் பார்த்தவர் சென்னை ஆய்வுகூடத்து இரசாயனவியலாளர் எஸ். பரமசிவன். சோழ ஓவியர் ஈரச் சுண்ணத்தின் மேலேயே தீட்டினர் என்றும், அங்குள்ள நீலம் லாப்பிஸ் லசூலி என்ற கல்லிலிருந்து வந்தது என்றும் அவர் முடிவு செய்தார். அவரிடம் இருந்தவை நுணுக்குக்காட்டியும் அமிலக் குப்பிகளும் அசாத்தியப் பொறுமையும். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் கலைநுட்ப இதழில் அவர் கட்டுரைகள் 1930களில் வெளிவந்தன. நம்மிடையே அவர் பெயர் சொல்ல ஆளில்லாமல் போனது வெட்கப்பட வேண்டிய விடயம்.

ஆனால் பழைய முடிவுகளை அப்படியே விட்டுவிடவும் முடியாது. இங்கிலாந்தின் லின்டிஸ்பார்ன் நற்செய்தி நூல் எட்டாம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது. அதிலுள்ள நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து போன லாப்பிஸ் லசூலி என்று ஆண்டாண்டாகச் சொல்லிவந்தார்கள். அதன்மேல் வணிகப் பாதைக் கதைகளும் கட்டப்பட்டன. இலண்டனின் றொபின் கிளாக் குழு 2004இல் வெளியிட்ட ராமன் நிறமாலை ஆய்வு, அங்கே லாப்பிஸ் இல்லை, இருப்பது அவுரியின் அதே சாயப்பொருளான இன்டிகோ என்று காட்டியது. கண்ணுக்கு இரண்டும் ஒரே நீலம்தான். நம் ஓவியங்களின் நீலங்களையும் அந்த ஒளியின் கீழ் திரும்ப ஒருமுறை வைத்துப் பார்ப்பதில் தவறில்லை. பரமசிவன் சரியாகவே சொல்லியிருக்கலாம். சரியென்றால் உறுதிப்படட்டும்.

அந்த ஒளியின் பெயரே திருச்சிக்காரர் ஒருவருடையது. சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பெப்ரவரியில் கல்கத்தாவில் கண்டது இது: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது. பானை வாங்குபவர் சுண்டிப் பார்த்து ஒலியால் பானையை அறிவது போல, ஒளி மூலக்கூறைச் சுண்டி அதன் அதிர்வை வெளியே கொண்டுவருகிறது. ஒவ்வொரு சேர்வைக்கும் அதிர்வு வேறு. எக்ஸ் கதிர் மூலகத்தை மட்டும் சொல்லும். ராமன் நிறமாலை சேர்வையையே சொல்லும். 1930இல் நோபல் பரிசு கிடைத்தாலும், 1960இல் லேசர் வந்த பிறகே இந்த முறை எளிதாயிற்று. ஓவிய நிறங்களின் மேல் அதைத் திருப்பியது 1970களின் இறுதியில், பிரான்சில்.

மூலகம் ஒன்றாக இருந்தும் சேர்வை வேறாவது ஏன் முக்கியம் என்பதற்கு உதாரணம் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. கொக்கிளாய் தொடங்கிப் புல்மோட்டை வரை கறுத்து மினுங்கும் மணலில் பெரும்பங்கு இல்மனைட்டு. கூடவே உரூட்டைலும் சேர்கொனும் உண்டு. உலகின் இன்றைய வெள்ளைப் பெயின்ற் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் தைத்தானியம் ஈரொட்சைட்டு இத்தகைய மணல்களிலிருந்து பிரித்தெடுப்பது. அது நிறப்பொருளாகச் சந்தைக்கு வந்தது முதலாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில். முதலில் அனற்றேசு என்ற பளிங்கு வடிவம். உரூட்டைல் வடிவம் பின்னர். இரண்டிலும் மூலகங்கள் ஒன்றே. ராமன் நிறமாலையோ முற்றிலும் வேறு. பழையதென்று சொல்லப்படும் ஓவியத்தில் இவற்றில் ஒன்று அகப்பட்டால், அந்த இடம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டிலோ அதற்குப் பின்னரோ தீட்டியது. கொலம்பசுக்கு முன்பே அமெரிக்காவைக் காட்டியது என்று புகழப்பட்ட வின்லாந்து வரைபடத்தின் மையில் 1974இல் வோல்ட்டர் மக்குறோன் அனற்றேசைக் கண்டார். அந்த வழக்கு அரை நூற்றாண்டு இழுபட்டு, 2021இல் யேல் பல்கலைக்கழகமே அது போலி என்று ஒப்புக்கொண்டதோடு முடிந்தது. நம் கோயில் வாகனங்களிலும் பழைய மரச் சிற்பங்களிலும் எது முதல் பூச்சு, எது பிந்திய திருப்பணி என்று பிரிக்க இதைவிடச் சுலபமான கடிகாரம் இல்லை.

திருத்தியவர்களின் கை எங்கும் குறுக்கே வரும். அஜந்தாவில் 1920களின் தொடக்கத்தில் நிஜாம் அரசு அழைத்துவந்த இத்தாலியர், ஓவியங்களைக் காக்கவென்று அவலரக்கு மெருகைப் பூசினார்கள். அது மஞ்சளித்து நிறங்களை மறைத்ததோடு, லேசர் பட்டால் தானே ஒளிர்ந்து கீழே உள்ள நிறத்தின் ராமன் சமிக்ஞையையும் அமுக்கிவிடும். சீகிரியாவில் 1967 ஒக்டோபரில் யாரோ ஓவியங்களின் மேல் பச்சைப் பெயின்ற் ஊற்றினார்கள். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி வந்து அதை எடுத்தார். அங்கே இனி எடுக்கும் அளவீடு எதையும், 1967இல் எங்கே என்ன நடந்தது என்ற குறிப்போடு சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

இனிக் கடினமான பக்கம். சாயவேர், அவுரி, அரக்கு, மஞ்சள் எல்லாம் காபன் சேர்வைகள். எக்ஸ் கதிர்க் கருவிக்கு அவை கண்ணில் படா. சாயவேர்ச் சிவப்பின் மேல் அதை வைத்தால், படிகாரத்தின் அலுமினியத்தைக் கூடப் பெரும்பாலும் மங்கலாகத்தான் காட்டும். ராமன் முறைக்கும் இங்கே தொல்லை. சிதறும் ஒளியில் ஏறக்குறையக் கோடியில் ஒரு பங்குதான் ராமன் ஒளி. சாயமூலக்கூறுகளோ லேசர் பட்டதும் பலமாக ஒளிரும். அந்த வெளிச்சத்தில் கோடியில் ஒன்றைத் தேடுவது வீண்வேலை. பழைய முறையில் துணியின் நூலை வெட்டி அமிலத்தில் கரைத்து நிறப்பகுப்பியலுக்கு அனுப்பவேண்டும். துணி என்றால் ஒரு நூல் தரலாம். சிற்றோவியத்தில் ஒரு உதட்டுச் சிவப்புக்கு நூல் எங்கே?

வெள்ளி நனோ துணிக்கைகள் உள்ளே வருவது இந்த இடத்தில். 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன் குழு, சொரசொரப்பான வெள்ளித் தகட்டில் ஒட்டிய பிரிடீன் என்ற திரவம் எதிர்பாராத பலத்தோடு ராமன் சமிக்ஞை தருவதைக் கண்டது. தகட்டின் பரப்புக் கூடியதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள். அது போதாது, சமிக்ஞை இலட்சக்கணக்கான மடங்கு பெருகுகிறது என்று 1977இல் காட்டியவர் அமெரிக்காவின் றிச்சட் வான் டைன். காரணம் உலோகத்தின் இலத்திரன்கள். சில பத்து நனோமீற்றர் அளவான வெள்ளித் துணிக்கையில் ஒளி பட்டால் அதன் இலத்திரன்கள் ஒன்றாக ஊசலாடும். துணிக்கையை ஒட்டிய இடத்தில், முக்கியமாக இரண்டு துணிக்கைகளுக்கிடையிலான இடுக்கில், மின்புலம் பன்மடங்காகும். அந்த இடுக்கில் சிக்கிய மூலக்கூறு உரக்கப் பேசும். இன்னொரு நன்மையும் தானாக வந்து சேர்ந்தது: உலோகத்தோடு ஒட்டிய சாயத்தின் ஒளிர்வு அணைந்துபோகிறது. தொல்லையும் போய், குரலும் கூடுகிறது.

செய்யும் விதமும் ஆடம்பரமானதல்ல. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியம் சித்திரேற்றைச் சேர்த்தால் கூழ்க்கரைசல் கிடைக்கும். லீயும் மைசலும் 1982இல் எழுதிய இந்தச் செய்முறையை உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்திலும் செய்து பார்க்கலாம். ஊசிமுனையிலும் சிறிய நிறத்துகள் ஒன்றின் மேல் ஒரு துளி விட்டு லேசரைத் திருப்பினால் சில விநாடிகளில் நிறமாலை வரும். நுணுக்கம் இருப்பது அதற்கு முந்திய படியில். படிகாரத்தோடு இறுகப் பிணைந்த சாயத்தை விடுவித்தால்தான் அது வெள்ளியோடு ஒட்டும். நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையின் மார்க்கோ லியோனா இதற்கு ஐதரசன் புளோரைட்டு ஆவியைப் பயன்படுத்தினார். எலும்பையும் அரிக்கும் நஞ்சு அது. பள்ளிக்கூடத்தில் விளையாடக் கூடாதது.

லியோனா 2009இல் வெளியிட்ட முடிவுகள்தான் இத்துறையை எல்லோரும் திரும்பிப் பார்க்கவைத்தன. ஏறக்குறைய 4000 ஆண்டு பழைய எகிப்திய தோல் அம்பறாத்தூணித் துண்டொன்றில் மஞ்சிட்டி இனத்துச் சிவப்பு அகப்பட்டது. பிரான்சின் பன்னிரண்டாம் நூற்றாண்டு மரியன்னை மரச்சிலையொன்றில் அகப்பட்டது அரக்குச் சாயம், ஆசிய மரங்களில் வாழும் பூச்சியின் நிறம். போர்த்துக்கேயர் கடல்வழி காண்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே நம் பக்கத்துச் சாயம் அங்கே போய் ஒரு சிலையில் ஏறியிருக்கிறது. வான் டைனும் சிக்காகோ ஓவியக் கூடமும் சேர்ந்து றெனுவார் 1883இல் தீட்டிய பெண்ணோவியம் ஒன்றை ஆராய்ந்தார்கள். சட்டத்தின் மறைவில் வெளிச்சம் படாத ஓரத்தில் சிவப்பு அப்படியே இருந்தது. அது கொச்சினீல் பூச்சியின் சாயம் என்று வெள்ளித் துணிக்கைகள் சொல்லின. மங்கிய பின்னணி ஒரு காலத்தில் எப்படிக் கொழுந்துவிட்டது என்பதை 2014இல் கணினியில் மீட்டுக் காட்சிக்கு வைத்தார்கள்.

இந்த வெற்றிக் கதைகளைக் கேட்டு நம் கேள்விக்கும் உடனே விடை வந்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். வெள்ளித் துணிக்கைகளுக்கு மிகப் பிடித்த சாயங்களில் ஒன்று அலிசரின். எளிதாக ஒட்டும், பலமாகப் பேசும். அதனால் நம் துணியில் அலிசரின் உண்டு என்ற பதில் நிச்சயம் வரும். ஆனால் ஐரோப்பிய மடர் வேரிலும் அலிசரின் உண்டு. 1868க்குப் பின் வந்த தொழிற்சாலைச் சாயமும் அலிசரினே. வேறுபாடு கூட வரும் சிறு பொருட்களில் இருக்கிறது. மடரில் அலிசரினோடு பேபியூரின் உண்டு. நம் மஞ்சிட்டியில் பேபியூரினும் மஞ்சிட்டின் என்ற அமிலமும் மிகுதி, அலிசரின் சொற்பம். நுணாவின் சிவப்பு மொரின்டோன். சாயவேரில் அலிசரின் உண்டு, பேபியூரின் இல்லை. எனவே சாயவேரை அடையாளம் காண்பது ஒன்று இருப்பதைக் காண்பதல்ல, ஒன்று இல்லாததைக் காண்பது. உரத்த அலிசரினின் கீழே மெல்லிய பேபியூரின் மறைந்துவிடக்கூடிய முறையை வைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்வது ஆபத்து. கூழ்க்கரைசல் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுவதும், ஒரே துகளில் இடத்துக்கிடம் சமிக்ஞை ஏறி இறங்குவதும் இதை இன்னும் சிக்கலாக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது: முதல் வடிகட்டலுக்கு வெள்ளித் துணிக்கை, இறுதிச் சொல்லுக்கு ஒரு நூலிழையும் நிறப்பகுப்பியலும். ஒரு துகளையும் பலி கொடுக்கக்கூடாது என்ற நூதனசாலைக் கண்டிப்பு ஓவியத்தில் நியாயம். கெஜக்கணக்கில் உள்ள துணியின் உள்மடிப்பு நூலுக்கு அதையே பேசுவது அறியாமையைப் பாதுகாப்பதாக முடியும். எந்தக் கரையின் வேர் என்ற கேள்விக்கோ இரண்டு முறைகளும் வாய் திறக்கா. மசூலிப்பட்டண மணலில் முளைத்ததும் மன்னார் மணலில் முளைத்ததும் மூலக்கூறில் ஒன்றே. அதற்குக் கம்பனிக் கணக்குப் புத்தகங்களைத்தான் திறக்கவேண்டும்.

நனோ என்ற சொல் இப்போது நம்மவரைச் சற்று அதிகமாகவே மயக்குகிறது. கீழடிப் பானை ஓடுகளின் உட்பக்கக் கறுப்புப் படலத்தில் காபன் நனோ குழாய்கள் இருப்பதாக வேலூர்த் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் எழுதினார்கள். ராமன் நிறமாலையும் அவர்கள் காட்டிய ஆதாரங்களில் ஒன்று. அந்தப் படலம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் உரியாமல் நின்றதற்கு அக்குழாய்கள் காரணமாகலாம் என்பது அவர்கள் கருத்து. கட்டுரை சொன்னது அவ்வளவுதான். பத்திரிகைகளும் முகநூலும் அதைப் பழந்தமிழரின் நனோ தொழினுட்பம் ஆக்கிவிட்டன. குயவர் அறிந்தது எந்த விறகு, எவ்வளவு புகை, சூளையை எப்போது மூடுவது என்பது. அந்த அறிவே போதிய பெருமை. ஆனைக்கோட்டையிலும் பொம்பரிப்பிலும் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்களின் கறுப்பையும் இதே முறையில் பார்த்தால், குழாய்கள் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், பாக்கு நீரிணையின் இரு கரைச் சூளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். எனக்கு அதுவே சுவையான கேள்வியாகப் படுகிறது.

இலங்கையின் நிறங்களை முதலில் முறையாகக் குறித்துவைத்தவர் ஒரு நிலவியலாளர். ஆனந்த குமாரசுவாமி இந்நாட்டின் கனிப்பொருள் அளவைக்குத் தலைமை தாங்கி, தோரியனைற்று என்ற புதிய கனிமத்தைக் கண்டவர். கண்டிச் சித்திரக்காரரிடம் போயிருந்து, சிவப்புக்குச் சாதிலிங்கம், வெள்ளைக்கு மக்குல் மண், மஞ்சளுக்குக் கொறக்கா இனத்து மரமொன்றின் பால், நீலத்துக்கு அவுரி என்று கேட்டு எழுதினார். 1908இல் வந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை நூலில் அவை இருக்கின்றன. அதே காலத்தில் வடக்கிலும் வன்னியிலும் சாயம் காய்ச்சியவர்களிடம் அப்படிப் போயிருந்து எழுத ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். 2009இல் போரின் முடிவில் புதுக்குடியிருப்புக்கும் கடலுக்கும் இடையில் சனங்கள் உயிரையே கொண்டுபோக முடியாமல் நின்றபோது, பெட்டியடியில் கிடந்த பழஞ்சீலையையும் கோயில் திரையையும் எவர் தூக்குவார்? மீண்டு வந்த பிறகு எழுந்த திருப்பணிகளில் எஞ்சிய மரமும் சுவரும் எனாமல் பெயின்றுக்குள் போயின. அதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சுரண்டுமுன் விரல்நகம் அளவு பூச்சுச் சில்லு ஒன்றை எடுத்து, எங்கே எடுத்தது என்று எழுதிக் கடித உறையில் வைக்கலாம் என்று மட்டும் சொல்வேன். ஒரு சில்லின் குறுக்குவெட்டில் பூச்சுகள் வரிசையாக நிற்கும். தைத்தானிய வெள்ளைக்குக் கீழே இருப்பவை ஆராயத் தக்கவை.

கருவி இல்லை என்பது இனிச் சாட்டு ஆகாது. 2008இல் தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் இப்போது ஹோமாகமவில் இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறை சூரிய மின்கலங்களுக்காக நனோ பொருட்களில் நெடுங்காலம் வேலை செய்கிறது. வவுனியா 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம். இல்லாதது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரித் தொகுதி. நிறமாலை ஒரு கைரேகை என்றால், அதைப் பொருத்திப் பார்க்கப் பதிவேடு வேண்டும். ஐரோப்பியப் பதிவேடுகளில் மடருக்கும் கொச்சினீலுக்கும் பக்கம் பக்கமாக இடமுண்டு. இம்பூறலுக்கும் நுணாவுக்கும் இடம் மிகச் சொற்பம்.

அப்படியான தொகுதி எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பழைய முன்மாதிரி ஒன்று பாரிசில் கிடைக்கிறது. 1734 அளவில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியு, சித்திரத் துணி தயாராகும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டை வெட்டி வாங்கித் தன் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதியும் துண்டுகளும் பாரிஸ் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இன்றும் உள்ளன. சாயவேர் பட்டதென்று தெரிந்த, ஆண்டும் ஊரும் தெரிந்த பழந்துணி அது. எந்த ஆய்வுக்கும் அதைவிட நல்ல அளவுகோல் அமையாது. அதன் புதிய சோடியை இங்கே செய்ய வேண்டியது: வன்னிக் கரையிலும் மன்னாரிலும் இராமேசுவரத்துப் பக்கத்திலும் கிண்டிய இம்பூறல் வேர், கடுக்காய், படிகாரம், பருத்தித் துணி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாதியை வெயிலில் மங்கவிட்டு மறுபாதியை இருட்டில் வைத்து, இரண்டுக்கும் வெள்ளித் துணிக்கையோடும் அது இல்லாமலும் எடுத்த நிறமாலைகள். அது கைக்கு வரும்வரை, வெளிநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் சோழமண்டலத் துணியின் கீழே ‘மடர்ச் சிவப்பு’ என்று எழுதியிருப்பதைக் காணும்போது, அதை அலிசரின் தரும் ஏதோ ஒரு வேர் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.